முதுகு வளைந்த பிள்ளைக்கு பிரேஸா, பயிற்சியா, பொறுத்துப் பார்ப்பதா?

கிருஷ்ணகிரி மருந்துக்கடைகளில் கிடைக்கும் எலாஸ்டிக் பெல்ட்டை முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, வந்தால் அந்த வளைவை அது பிடித்து நிறுத்தாது. இங்கே பேசுவது பிள்ளையின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்யும் கெட்டி பிளாஸ்டிக் பிரேஸைப் பற்றி.

எக்ஸ்ரேயில் வளைவு 25 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். 25 முதல் 40 வரை இருந்து, எலும்பு வளர்ச்சியும் பாக்கி இருந்தால்தான் பிரேஸ் போடுவதா என்ற கேள்வியே எழுகிறது. 50 டிகிரியைத் தொட்டால் ஆபரேஷன் பேச்சு வரும்.

2013இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், வளர்ச்சி முடியும்வரை 50ஐத் தொடாமல் தப்பியவர்கள் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 48 சதவீதம். பிரேஸ் போடாமலே பாதிப்பேர் தப்பியிருக்கிறார்கள் என்பதையும் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. ஆனால் பிரேஸுக்குள் வைத்த சென்சார் சொன்ன கணக்கைப் பாருங்கள்: தினம் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தப்பினார்கள். 6 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அரைகுறையாகப் போடுவதுதான் பெரிய நஷ்டம்: காசும் போகும், வளைவும் ஏறும்.

அந்த ஆய்விலேயே 18 மணி நேரம் போடத்தான் சொன்னார்கள்; நாமாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் தர்மபுரி சித்திரை வெயிலில், மின்விசிறி சரியாக ஓடாத வகுப்பில் பிரேஸோடு உட்காரச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பெண் அழத்தான் செய்வாள். மாலை 5 மணிக்குப் போட்டுக் காலை 8 மணிக்குக் கழற்றினாலே 15 மணி நேரம் ஆகிறதே! அடியோடு நிறுத்துவதற்கு முன் இதை டாக்டரிடம் கேளுங்கள். உள்ளே இறுக்கமான பருத்தி பனியன், தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி. கழற்றி அரைமணி நேரமாகியும் சிவப்புத் தடம் மறையவில்லை என்றால், பிரேஸைச் செய்தவரிடமே கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும்.

இரவு மட்டும் போடும் பிரேஸ் இன்னொரு வழி. 2024இல் வந்த ஸ்வீடன் ஆய்வில் வளைவு அதிகம் ஏறாதவர்கள் அதில் 76 சதவீதம், வெறும் உடற்பயிற்சியில் 53. பகலில் கட்டாயம் போட மாட்டேன் என்கிற பிள்ளைக்கு இதையே கேட்டுப் பார்க்கச் சொல்வேன். எல்லா வளைவுக்கும் பொருந்தாது.

ஸ்க்ராத் போன்ற, ஸ்கோலியோசிஸுக்கென்றே உள்ள பயிற்சிகள் பிரேஸுக்குத் துணை. அதற்குப் பதில் ஆகாது. யோகா செய்தால் நேராகிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால், மூன்று மாதம் அதில் கழிவதற்குள் பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிடும் என்று யோசியுங்கள். பூப்பெய்துவதற்குச் சற்று முன்புதான் வளைவு வேகமாக ஏறும்.