கால் அமுங்கும் படகுத் தளம்: பலகையைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீருக்கு ஒரு வழி

பழைய ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு அந்த நாள் எப்படியும் வந்துவிடும். ஓட்டும் இருக்கைக்குப் பக்கத்தில் கால் வைத்தால் தளம் லேசாக உள்வாங்கும், காலை எடுத்தால் மேலே வரும். கார்ப்பெட் நைந்துவிட்டது என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வோம். என் 17 அடிப் படகில் நானும் ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். ஓரங்களில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டது. இருக்கையைச் சுற்றி, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல 'தொப்' என்றது. சின்னதாக ஒரு துளை போட்டேன். வந்தது மரத்தூள் இல்லை. கறுத்த ஈரச் சக்கை, விரலில் அப்பிக்கொண்டது.

இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்பது, "எந்தப் பலகை போடலாம்?" அது இரண்டாவது கேள்வி. தளத்தின் மேல் விழும் தண்ணீர் எப்படி வெளியே போகப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தளத்தின் உயரமே அதைப் பொறுத்தது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, தண்ணீர் தளத்துக்குக் கீழே, படகின் அடிப்பள்ளமான பில்ஜில் சேர்ந்து, அங்கிருந்து பம்ப் மூலம் வெளியேறுவது. இன்னொன்று, தளத்தையே உயர்த்தி, பின்பலகையில் வடிகால் துளை வைத்து, தண்ணீர் தானாக ஓடிப்போக விடுவது. கேட்டவுடன் இரண்டாவதுதான் மனசுக்குப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம், மழை பெய்தால் தூக்கம் கெடாது. ஆனால், முழுச் சுமையோடு நிற்கும்போதும் தளம் வெளி நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் அது வேலை செய்யும். இதைச் சோதிக்க, தொட்டி நிறையப் பெட்ரோல், பாட்டரி எல்லாம் ஏற்றி, இரண்டு பேரைப் பின்னால் நிற்கச்சொல்லி, வெளியே பின்பலகையில் நீர்மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். படகைக் கரையேற்றியதும், அடியில் உள்ள பிளக் துளையிலிருந்து டேப் வரை அளந்து, உள்ளே அதே துளையிலிருந்து அதே உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுத் தளம் அந்தக் கோட்டுக்கு மேலே வர வேண்டும்.

என் படகில் பழைய தளம் அந்தக் கோட்டுக்கு 4 செ.மீ. கீழே இருந்தது. பின்னோக்கி ஒரு சரிவும் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 செ.மீ. உயர்த்தியாக வேண்டும். அத்தனை பேரின் எடையும் 10 செ.மீ. மேலே போகும், பக்கச் சுவர் 10 செ.மீ. குட்டையாகும். சின்னப் படகில் இது விளையாட்டில்லை. முழங்காலுக்கு மேலே தாங்கிய ஓரம் முழங்காலுக்குக் கீழே வந்தால், ஒரு அலையில் ஆள் வெளியே போய்விடுவார். வடிகால் துளையில் ஒருவழி வால்வு வைத்தால் சரியாகிவிடுமே என்பார்கள். பந்து வால்வோ ரப்பர் மடிப்போ, எதுவானாலும் ஒரு இலையோ தூண்டில் நரம்புத் துண்டோ சிக்கினால் மூடாது. வெளியே போகிற வழி உள்ளே வருகிற வழியாகிவிடும். தளத்துக்கு அடியில் ஓடும் வடிகால் குழாய் நாளடைவில் வெடித்தால் இன்னும் மோசம். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் பில்ஜில் ஏறும்.

சரி, பம்ப் மட்டும் யோக்கியமா? பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவு, தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது. குழாயும் ஏற்றமும் சேர்ந்தால் நன்றாகவே குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூடாத 5 சதுர மீட்டர் தளத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 250 லிட்டர், அதாவது 250 கிலோ. மணிக்கு 1900 லிட்டர் என்று சொல்லும் சின்ன பம்ப் பாதிதான் இறைத்தால்கூட இதைச் சமாளிக்கும், பாட்டரியில் உயிர் இருக்கும்வரை. தண்ணீர் ஏறினால் பம்ப்பைத் தானாக ஓட்டும் ஃப்ளோட் ஸ்விட்சை மெயின் ஸ்விட்ச் வழியாகக் கொடுக்காமல், ஃப்யூஸ் வைத்து நேராகப் பாட்டரிக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது பம்ப்பையும் சேர்த்து அணைக்கிறோம். உள்பக்கம் வழவழப்பான குழாய் போடுங்கள், மடிப்புக் குழாய் வேண்டாம்.

என் தீர்ப்பு: 20 அடிக்குக் குறைவான, முதலிலேயே பில்ஜ் வைத்துக் கட்டிய படகு என்றால் பம்ப்தான். தளம் ஏற்கெனவே கோட்டுக்கு மேலே இருக்கும் படகு என்றால், தானே வடியும் தளத்தை விட்டுவிடாதீர்கள். கூட ஒரு பம்ப்பும் இருக்கட்டும்.

அடுத்தது, தளத்துக்கு அடியில் இருக்கும் ஃபோம். பல பழைய படகுகளில் ஸ்ட்ரிங்கர்களுக்கு (தளத்தைத் தாங்கும் நீளவாட்டுச் சட்டங்கள்) நடுவே திரவ ஃபோமை ஊற்றி நிரப்பி, மேலே தளத்தை மூடியிருப்பார்கள். இருக்கைத் திருகு துளை வழியாக இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியே இருக்காது. என் படகில் மேல் பக்கம் மஞ்சளாகக் காய்ந்துதான் இருந்தது. அடியில் கைவிட்டுப் பிய்த்த துண்டைப் பிழிந்தால் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் ஒழுகியது. ஒரு கன அடி ஃபோம் காய்ந்திருந்தால் ஒரு கிலோகூட வராது, முழுக்க ஊறினால் 28 கிலோவைத் தொடும். படகு ஏன் மந்தமாகிவிட்டது என்று எஞ்சினைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடி ஊற்றுவதா, பலகை ஃபோமை வெட்டி வைப்பதா? ஊற்றினால் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும், அடிக்கட்டுக்கும் இறுக்கம் கிடைக்கும். சில படகுகள் அந்த இறுக்கத்தை நம்பியே கட்டப்பட்டவை. அவற்றில் ஊற்றுவதே சரி, ஆனால் அடியில் தண்ணீர் ஓட குழாய் பதித்துவிட்டு ஊற்றுங்கள். மற்றபடி எனக்கு நீல நிற பாலிஸ்டைரின் பலகைதான் பிடித்தது. அடியில் இடைவெளி விட்டு வைக்கலாம், நாளைக்குக் கழற்றவும் முடியும். ஒரு எச்சரிக்கை: பாலியெஸ்டர் ரெசினோ (ஃபைபர் துணியை ஒட்டி இறுக்கும் பிசின்) பெட்ரோலோ பட்டால் பாலிஸ்டைரின் கரைந்துவிடும். ஃபோமே வேண்டாம், இடம் மிச்சம் என்று விடுபவர்களும் உண்டு. படகு தண்ணீரில் நிறைந்தால் மிதக்க வைப்பதே அதுதான்.

இப்போது பலகை. மரைன் பிளைவுட் அழுகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அழுகும். அதில் ஒட்டியிருக்கும் பசை தண்ணீருக்கு இளகாது, உள்ளடுக்குகளில் ஓட்டை இருக்காது. பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரம் உறுதிசெய்வது இவற்றைத்தான். அதில் பரவலாகப் பயன்படும் ஒகூமே மரத்துக்குத் தனியாக அழுகலைத் தாங்கும் சக்தி கிடையாது. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான சாதா பிளைவுட்டிலும் பசை நல்லதுதான், ஆனால் நடு அடுக்கில் இடைவெளி வரும், அது தண்ணீர் தங்கும் பை. மருந்தேற்றிய பிளைவுட் கடையிலிருந்து ஈரமாகவே வரும். நன்றாகக் காயாமல் ரெசின் பிடிக்காது. அதன் தாமிர உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அலுமினியப் படகில் அதை நினைக்கவே வேண்டாம்.

கண்ணாடி இழை கலந்த ஃபோம் கலவைப் பலகை அழுகவே அழுகாது. விலை பிளைவுட்டைவிட எங்கேயோ இருக்கும். எடை குறையும் என்பது உண்மைதான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 8×4 அடி, 12 மி.மீ. ஒகூமே பலகை 16 கிலோ அளவில் வரும். கன அடிக்கு 20 பவுண்டு அடர்த்தியுள்ள கலவைப் பலகை 12 கிலோ. என் படகுக்கு இரண்டரைப் பலகை, ஆக மிச்சம் பத்து கிலோ. வெறும் கலவைப் பலகை பிளைவுட்டைவிட வளையும் என்பதால் இரண்டு பக்கமும் கூடுதல் ஃபைபர் போட வேண்டும், அந்தப் பத்தில் பாதி அங்கே போய்விடும். திருகும் அதில் நன்றாகப் பிடிக்காது, இருக்கைக்கு அடியில் தனியாகக் கட்டை பதிக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், எப்போதும் ஈரமாகவே கிடக்கும் பின்பக்க இரண்டடிக்கும் திறக்கும் மூடிகளுக்கும் கலவைப் பலகை, மீதிக்கெல்லாம் 12 மி.மீ. மரைன் பிளைவுட்.

ரெசினில் நான் எபோக்சி கட்சி. மரத்திலும் பழைய ஃபைபரிலும் அதன் பிடிப்பே வேறு. பாலியெஸ்டர் சீக்கிரம் இறுகும், செலவு குறைவு, மேலே ஜெல்கோட் (ஃபைபர் படகின் பளபளப்பான வெளிப்பூச்சு) அடிக்க வேண்டுமானால் அதுவே வசதி. எபோக்சியில் கலவை விகிதம் பிசகக் கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பிசுபிசு என்றே நிற்கும். நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பாய்போல ஒட்டிய மேட்டை எபோக்சியோடு போடாதீர்கள். அதைக் கட்டியிருக்கும் பொடி பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரினில்தான் கரையும். நெய்த அல்லது தைத்த துணி போதும். முதல் பலகைக்குக் காலை வெயிலில் எபோக்சி பூசினேன். மரம் சூடேற ஏற உள்ளிருந்த காற்று வெளியே வந்து, மேல்பரப்பு முழுக்கக் கொப்புளம். எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் மறுபடி பூசினேன். மரம் குளிரும்போது ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மேற்பூச்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கார்ப்பெட் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வழுக்காத பெயின்ட் அடித்துவிடுங்கள்.

தளத்தை ஒட்டும் முன் படகை ட்ரெய்லரில் முன்பக்கம் உயர்த்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். பாதிதான் பின்னால் வந்தது. மீதி, மூன்றாவது குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் குளமாக நின்றது. நான் போட்ட துளை அடிக்கட்டிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இருந்திருக்கிறது. துளையை அடிவரை இறக்கி, வெட்டிய மர விளிம்பைக் காயவைத்து மூன்று கோட் எபோக்சி கொடுத்து, மறுநாள் இன்னொரு வாளி ஊற்றினேன். இந்த முறை பிளக் துளையில் சொட்டுவது நின்றபின் உள்ளே தடவிப் பார்த்தால் ஈரம் மட்டும்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் பலகையை எடுத்து வைத்தேன்.