சுங்கை சிப்புட் சனிக்கிழமை வேதபாட வகுப்பு: பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு சபை மண்டபத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் வேதபாட வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். கட்டணம் கிடையாது, நகல் எடுக்கும் செலவுக்கு 2 ரிங்கிட் போட்டால் போதும். எந்தச் சபைக்காரரும் வரலாம், கத்தோலிக்கர்களும் திருவிவிலியத்தோடு வருகிறார்கள்.

தோட்டப்புற ஊர்களுக்கு இப்படி ஒரு வகுப்பு கட்டாயம் வேண்டும். வீட்டில் பாட்டி வாசிப்பது 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பு, பேரன் மலாய்ப் பள்ளியில் படித்தவன், கைப்பேசியில் ஆங்கில பைபிள்தான். குடும்ப ஜெபத்தில் 1 யோவான் 5:7-க்கு வந்தால் பாட்டியின் பைபிளில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவர் பரலோகத்திலே சாட்சியிடுகிறார்கள், பேரனுடையதில் அந்த வரி அடிக்குறிப்புக்குப் போயிருக்கிறது. உடனே 'வசனத்தை வெட்டிட்டாங்க' என்று வீட்டில் சண்டை. இதைக் கேட்டாலே விசுவாசக் குறைவு என்று வாயை அடைத்துவிடும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

இங்கே நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எல்லாருக்கும் அவர் 'வாத்தியார்'தான். முதலில் ஆதாரத்தை மேசையில் வைக்கிறார், அப்புறம்தான் பேச விடுகிறார். 1 யோவான் வரியை, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் சேர்க்கவில்லை, பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது இல்லை என்பதுதான் காரணம், அந்த வரி இருந்த லத்தீன் பைபிளில் பழகியவர்கள் எதிர்த்தார்கள், 1522 பதிப்பில் சேர்த்தார், பிறகு வந்த பதிப்புகள் வழியாக அது 1611 ஆங்கில பைபிளுக்கும் நம் பழைய தமிழ் பைபிளுக்கும் வந்தது. அப்படியானால் திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற போதனை, என்னாவது என்று ஓர் அக்கா பதறிப்போய்க் கேட்டார். வாத்தியார், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19-ஐத் திறக்கச் சொன்னார், இந்த வரியைத் துணைக்கு அழைக்காமலேதான் 4-ஆம் நூற்றாண்டின் கிரேக்க ஆயர்கள் திரித்துவத்துக்காக வாதாடினார்கள் என்றும் விளக்கினார். அந்த அக்கா நிம்மதியாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கே மனசு லேசானது.

மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியான 16:9-20 நடந்த வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஓர் அண்ணன், "வாத்தியாரே, விசுவாசிங்க பாம்பைக் கையில எடுப்பாங்கன்னு இதுல போட்டிருக்கு, நாங்க தினமும் நாகப்பாம்பு நடமாடுற இடத்துல வேலை செய்றோம், இதை எப்படி எடுத்துக்கிறது?" என்று கேட்டார். நமக்கு அது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லையே. வாத்தியார் முதலில் அந்தப் பகுதியின் ஆதாரத்தை எடுத்தார். வத்திக்கான், சீனாய் என்ற பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள், இரண்டும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, 16:8-உடன் முடிந்துவிடுகின்றன. ஆனால் 2-ஆம் நூற்றாண்டிலேயே ஐரேனியு என்ற ஆயர் 16:19-ஐ மேற்கோள் காட்டியிருக்கிறார், அதனால் அந்தப் பகுதி மிகவும் பழையது என்பதும் உண்மை. இரண்டு பக்கத்தையும் வைத்துவிட்டு, மாற்கு எழுதியதா என்பது ஒரு கேள்வி, சபை அதை வேதமாக வாசிக்கலாமா என்பது வேறு கேள்வி என்று பிரித்துக் காட்டினார். பாம்பு விஷயத்தில் 'கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே' என்பதையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். யோவான் 8-இல் வரும் விபசாரப் பெண்ணின் பகுதியும் இதே முறையில்தான் நடந்தது.

குறையும் உண்டு. 1 கொரிந்தியர் 14:34-35, சபையில் பெண்கள் பேசக்கூடாது என்ற வசனங்கள், அதற்குக் கடைசி பத்து நிமிடம்தான் கிடைத்தது. சில கையெழுத்துப் படிகளில் இவை 40-ஆம் வசனத்துக்குப் பின்னால் இருக்கின்றன, அதனால் ஓரத்தில் எழுதிய குறிப்பு உள்ளே நுழைந்ததா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். எல்லாப் படிகளிலும் இருக்கிறதே என்று மறுப்பவர்களும் உண்டு. அதே நிருபத்தின் 11:5-இல், அதை எழுதிய பவுலே பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பற்றி எழுதுகிறார், அதையும் இதையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது? வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள், ஓய்வுநாள் பள்ளியை நடத்துவதும் அவர்கள்தான். இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்காதது சரியில்லை என்று வாத்தியாரிடமே சொன்னேன், யோசிக்கிறேன் என்றார்.

மண்டபத்தில் காற்றாடி போதாது, புழுக்கமாக இருக்கும். நகல் தாளில் எழுத்து பொடி, வயதானவர்கள் கண்ணாடி எடுத்துப் போங்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு வாத்தியார் மலாயிலும் சொல்லித் தருகிறார், அதனால் பதினைந்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் தயங்காமல் கூட்டிப் போகலாம். வீட்டில் எந்த பைபிள் இருக்கிறதோ அதையே கொண்டு வரச் சொல்லுங்கள்.