கடனா, கவுன்சிலிங்கா: ஒரே வீட்டில் இரண்டு கணக்கு

2012 ஏப்ரல். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே, அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரு கல்லூரியின் வண்ணப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே சீட் போட்டுடலாம். லோனை நாங்களே முடிச்சுத் தர்றோம்" என்றார். அப்பா லோடு வண்டி ஓட்டுபவர். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டோம்.

நான் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் இடத்தில், கல்விக்கடனில் படித்தேன். பத்து வருடம் கழித்து, 2022-ல், என் தங்கை அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தாள். இரண்டும் பொறியியல்தான், இரண்டும் தனியார் கல்லூரிதான். ஒரே வீட்டில் இரண்டு வழியையும் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தங்கை பக்கம்.

கடனின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்கு லட்சம் வரை அடமானமும் கிடையாது, கைப்பணமும் போட வேண்டாம். இப்போது ஏழரை லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை. படிக்கும்போது தவணை கட்ட வேண்டியதில்லை, கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. எந்தப் பள்ளியில் படித்தாய் என்ற கேள்வி பெரிய தடையாக நிற்பதில்லை. கையெழுத்துப் போட்டால் பணம் நேரே கல்லூரிக்குப் போய்விடும்.

"படிக்கும்போது கட்ட வேண்டாம்" என்ற அந்த ஒரு வரியில்தான் நாங்கள் ஏமாந்தோம். கட்ட வேண்டாம் என்றால் வட்டி ஓடாது என்று அப்பா நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். வருடத்துக்கு ஒரு லட்சம், நான்கு வருடம், 12 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு நான்கு வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் அவகாசம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 60,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 48,000, 36,000, 24,000. ஆக, முதல் தவணை கட்டும் முன்பே நான்கு லட்சம் 5,68,000 ஆகிவிடும். ஏழு வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் பத்தாயிரம், மொத்தம் எட்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். எனக்கு ஓசூரில் கிடைத்த முதல் சம்பளம் 13,000.

இதில் வயிறெரியும் விஷயம் ஒன்று உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி படிப்பவர்களுக்கு படிப்புக் காலமும் சேர்ந்த அந்த அவகாச கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்தே இருக்கிறது. வருமானச் சான்றை வங்கியில் நேரத்தோடு கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். வங்கியில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. கடனைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது இதைத்தான். இப்போது பிஎம் வித்யாலட்சுமி என்று புதிதாக வந்திருக்கிறது. தரவரிசையில் தேர்வான கல்லூரிகளுக்கு மட்டும்தான். எட்டு லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில், அவகாச காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியம். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை வாங்கிப் படித்து முடித்தவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

பணக்கணக்கைக்கூட ஒரு வழியாகத் தாங்கிக்கொள்ளலாம். கடன் நம் பின்னாலேயே வருகிறது என்பதுதான் தாங்க முடியாதது. உதவித்தொகை படிப்போடு நின்றுவிடும். கடன் முதல் வேலைக்கும் கூட வரும், வேலை போனாலும் கூட வரும். 2019-ல் வாகனத் தொழில் படுத்தபோது எங்கள் கம்பெனியில் ஒப்பந்த ஆட்களை அனுப்பினார்கள், அதில் நானும் ஒருவன். நான்கு தவணை விட்டுப்போனது. வங்கியிலிருந்து எனக்குத்தான் போன் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் அப்பாவின் பழைய குட்டி யானை இன்ஜின் செய்யும் நிலையைத் தாண்டிவிட்டது. வேறு வண்டி எடுக்க நிதி நிறுவனத்துக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல கல்விக்கடன் பாக்கி இருக்கே" என்றார்களாம். அவர் இணைக் கடனாளி. 2012-ல் மேலாளர் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டதுதான் அவருக்கு நினைவிருந்தது. திரும்பி வந்து என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். ஏழு மாதம் வாடகை வண்டி ஓட்டினார்.

தங்கை கதைக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம். மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, மற்றவற்றுக்கு 2021-ல். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றும் அரசு பொறுப்பு. அதற்கு மேல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன் என்ற பெயரில் அதே ஆயிரம். ஆயிரம் என்ன பெரிய காசு என்று கேட்பவர்கள் விடுதியில் தங்கிப் படித்திருக்க மாட்டார்கள். பஸ் கட்டணம், ஜெராக்ஸ், நாப்கின் எதற்கும் அவள் அப்பாவிடம் கை நீட்டியதில்லை.

அலைச்சல் இல்லாமல் இல்லை. எட்டாவதில் பள்ளி மாறியதால் இரண்டு தலைமையாசிரியர்களிடம் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருந்தது. ஒருவர் ஓய்வு பெற்று, புதியவர் வரும் வரை காத்திருந்தோம். வங்கிக் கணக்கில் ஆதார் சரியாக இணையாததால் ஆயிரம் ரூபாய் நான்கு மாதம் வரவில்லை. கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. வேலைவாய்ப்புப் பயிற்சி என்று 8,000 கேட்டார்கள். தங்கை அரசாணையைப் போனில் காட்டினாள், பிறகு கேட்கவில்லை. காட்டத் தெரியாத பிள்ளைகள் கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தனியார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறக்காது. அவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்காதிருந்தால், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்று வாங்கி, பொறியியல் கல்விக் கட்டணத்தில் வருடத்துக்கு 25,000 வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் கவுன்சிலிங் வழியே வந்தால் மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் இதைச் சொல்லவில்லை. ஆக, எனக்கு உரிமையிருந்த அந்தச் சலுகையை நான் வாங்கவும் இல்லை, நான் பட்டம் வாங்கியதால் தங்கைக்கும் அந்த வழி அடைபட்டது. ஏழரை சதவீதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் அவளும் வங்கி வாசலில்தான் நின்றிருப்பாள்.

நான் பார்த்தது பொறியியல் மட்டும்தான். ஐஐடி மாதிரி இடம் கிடைத்தால் கடன் எடுக்க யோசிக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. அங்கேயே குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. வெளிநாட்டுப் படிப்புக்கு என் கணக்கு பொருந்துமா என்பது சந்தேகம்தான். ஆனால் பக்கத்து ஊரில் சுமாரான கல்லூரி, நிர்வாக ஒதுக்கீடு, முழுக்கடன் என்றால், அதைவிட அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிப்பது மேல். என் வகுப்பில் பாதிப் பேர் இன்று பார்க்கும் வேலைக்கு அந்தப் பட்டமே போதும்.

என் கடன் 2024-ல் முடிந்தது. தங்கைக்கு இது கடைசி வருடம். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "முடிச்சிட்டு ஒரு வருஷம், எம்.டெக். சேர்றதுக்கான கேட் எக்ஸாமுக்குப் படிக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். "படிம்மா" என்றார் அப்பா. 2016-ல் இதையே நான் கேட்டபோது, எதுவும் பேசாமல் பீரோவிலிருந்து பாஸ்புக்கை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.