ஆட்டோமேட்டிக் கேம்பர் தேடிப் போய் கார்னிவல் வாங்கிய அனுபவம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும், கழிப்பறை வேண்டும், ஆனால் கிளட்ச் மட்டும் வேண்டாம் என்று கேம்பர் வேன், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி, தேடுகிறவருக்கு நம் ஊரில் கைக்கு எட்டும் விலையில் வண்டி இல்லை. எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். நான் முதல் இரண்டையும் விட்டேன். வாங்கியது பழைய கியா கார்னிவல், டீசல், 8 கியர் ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸைப் பொறுத்தவரை முழுத் திருப்தி. வீடு என்ற வகையில் பாதித் திருப்தி. வீட்டம்மாவைக் கேட்டால் பாதிகூட இல்லை என்பார்.

நெய்வேலி சுரங்க ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். முன்பு இருந்தது உயரக் கூரை வைத்த ஒரு மேனுவல் வேன். கட்டில், சின்ன சிங்க், திரை போட்ட ஒரு மூலையில் கழிப்பறைப் பெட்டி என்று எல்லாம் அதில் இருந்தன. ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன் மலை எல்லாம் அதில்தான் போனோம். பிரச்சினை மலையில் தொடங்கவில்லை, புதுச்சேரி மரப்பாலம் சந்திப்பில் தொடங்கியது. கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டர் சொச்சம்தான். அரியாங்குப்பம் தாண்டியதும் வண்டி நகர்வதும் நிற்பதுமாகவே இருக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் கிளட்சை மிதிக்க வேண்டும். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிய பிறகு, அடுத்த வண்டி ஆட்டோமேட்டிக்தான் என்று முடிவாயிற்று.

சரி, என்னதான் கிடைக்கிறது? ஃபோர்ஸ் கம்பெனியின் அர்பேனியா வேன்தான் முதல் ஆசை. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், 2.6 லிட்டர் டீசல், கேம்பர் கட்டவென்றே செய்தது மாதிரி இருக்கும். ஆனால் கியர்பாக்ஸ் 5 கியர் மேனுவல் மட்டும். அதே கம்பெனியின் டிராவலரும் அப்படியே. இன்னோவா கிரிஸ்டா டீசலில் ஆட்டோமேட்டிக் இருந்தது. 2023-ல் டீசல் திரும்ப வந்தபோது மேனுவல் மட்டுமே வந்தது. மெர்சிடிஸ் 2020-ல் வி-கிளாஸ் மார்கோ போலோ என்று தயார்நிலை கேம்பரையே இங்கே இறக்கியது, விலை 1.38 கோடியில் ஆரம்பம். அதைப் பற்றி நான் விமர்சனம் எழுதுவது நியாயமில்லை.

பிக்-அப் வண்டிகள் என்னை நிறைய யோசிக்க வைத்தன. இசுசு வி-கிராஸில் 1.9 லிட்டர் டீசலுக்கு 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்; அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். டொயோட்டா ஹைலக்ஸில் ஒரு விஷயம் கவனித்தேன்: அதே 2.8 லிட்டர் இன்ஜினுக்கு மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), ஆட்டோமேட்டிக்கில் 500. ஆட்டோமேட்டிக் என்றால் இழுவை குறையும் என்று டீக்கடையில் இன்னும் சொல்கிறவர்களிடம் இந்த இரண்டு எண்களைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் பிக்-அப்பில் படுக்கை என்றால் மேல்கூரைக் கூடாரம், அதற்கு ஏணி. முழங்காலுக்காக வண்டி மாற்றுகிறவன் ராத்திரி இரண்டு மணிக்கு ஏணியில் இறங்குவானா? அதோடு பிக்-அப் ஆசை முடிந்தது.

இதற்கு நடுவில் எல்லோரும் சொன்ன யோசனை ஏஎம்டி என்ற வகை ஆட்டோமேட்டிக். விலை குறைவு, மைலேஜ் குறையாது என்றார்கள். இரண்டும் உண்மைதான். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்ததிலிருந்து நகரத்துச் சின்னக் கார்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஏஎம்டி என்பது தனி வகை கியர்பாக்ஸ் அல்ல. பழைய மேனுவல் பெட்டிதான், பழைய கிளட்ச் தட்டுதான். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கம்ப்யூட்டரும் சில ஆக்சுவேட்டர்களும் அந்த வேலையைச் செய்கின்றன. அதனால் மேனுவலில் எது கெடுமோ அதுவே இதிலும் கெடும். என்ன, கெடுக்கிறவர் நாமாக இருக்க மாட்டோம்.

சித்தப்பா மகனிடம் ஒரு ஏஎம்டி கார் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அதில் ஆள், மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறினோம். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன பஸ் நின்றுவிட்டது. பஸ் நகர, நாங்கள் நகர, வளைவின் நடுவில் கியர் மாறும்போது ஒரு நொடி இழுவையே இல்லை. மேட்டில் அந்த ஒரு நொடி ரொம்ப நீளம். அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். விடுதிக்குப் போனதும்தான் உண்மையான சோதனை. செங்குத்தான பாதையில் ரிவர்ஸில், கதவிடுக்கு அளவு இடத்துக்குள் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். ஏஎம்டி பாதிக் கிளட்சிலேயே தொங்கிக்கொண்டு இழுக்கிறது. தட்டு கருகும் வாசனை வந்துவிட்டது. "அண்ணே, ஏதோ தீயுற மாதிரி இருக்கே" என்று தம்பி எட்டிப் பார்த்தான். கேம்பர் வாழ்க்கையில் இந்த வேலை தினசரி வரும். ராத்திரி படுக்க வண்டி மட்டமாக நிற்க வேண்டும்; அதற்குச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து, அதன்மேல் அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். ரெண்டு டன் வண்டியை அப்படி ஏற்றுவது கிளட்ச் தட்டுக்கு நல்லதே இல்லை.

டார்க் கன்வெர்ட்டர் வேறு. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உராயும் தட்டுக்குப் பதில் எண்ணெய். இன்ஜின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயைச் சுழற்றித் தள்ளும், அந்த எண்ணெய் எதிர்ப்பக்க இறக்கைகளைத் திருப்பும். மெதுவாக நகரும்போது எண்ணெய்தான் வழுக்குகிறது, அதனால் கருகுவதற்குத் தட்டு இல்லை. கிளம்பும் நேரத்தில் டார்க்கும் பெருகிக் கிடைக்கிறது. வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பூட்டுக் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடுகிறது, வழுக்கல் நின்றுவிடும். சுரங்கத்தில் ஓடும் பெரிய டம்பர் லாரிகள் பலவற்றில் இதுதான் இருக்கும். மண்ணை ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து நாள் முழுக்க ஏறும் வண்டிக்கு உராயும் கிளட்ச் தாங்காது என்று கண்ணால் பார்த்தவன் என்பதால், இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

ஐரோப்பாவிலும் இதே திசையில்தான் போயிருக்கிறார்கள். புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் இல்லாத தெரு குறைவு. எனக்கும் அங்கே குடியேறிய ஒரு நண்பர் இருக்கிறார், டிசம்பரில் வைசியாள் வீதியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வருவார். அவரிடம் இருப்பது ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டிய மோட்டார்ஹோம். அந்த ஊர் மோட்டார்ஹோம்களில் நிறைய டுகாட்டோ மேல் கட்டியவைதான். அதில் முன்பு கம்ஃபோர்ட்-மாட்டிக் என்ற பெயரில் வந்தது ஏஎம்டி. 2019-ல் அதை எடுத்துவிட்டு இசட்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனி வடிவமைத்த 9 கியர் டார்க் கன்வெர்ட்டரைக் கொண்டுவந்தார்கள். "பழசு வாங்குறவன் பெயின்ட்டைப் பார்ப்பான், மெத்தையைப் பார்ப்பான். ஆட்டோமேட்டிக்னு போட்டிருந்தா அது எந்த ஆட்டோமேட்டிக்னு கேட்கவே மாட்டான்" என்றார் அவர். இங்கேயும் அதே கதைதான். விளம்பரத்தில் ஆட்டோமேட்டிக் என்று ஒரே சொல்தான் இருக்கும். ஏஎம்டியா, சிவிடியா, டபுள் கிளட்சா, டார்க் கன்வெர்ட்டரா என்று நாம்தான் தோண்டிக் கேட்க வேண்டும்.

இப்படிச் சுற்றிக் கடைசியில் வந்த இடம் கார்னிவல். 2020-ல் இங்கே அறிமுகமானபோது 24.95 லட்சத்தில் தொடங்கிய வண்டி. நான் எடுத்தது அந்தத் தலைமுறையில் ஒன்று, இரண்டாவது கை. 2.2 லிட்டர் டீசல், 200 குதிரைத்திறன், 440 நியூட்டன் மீட்டர். மூன்றாவது வரிசை இருக்கை தரைக்குள் மடிந்து இறங்கிவிடும். எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான், ஏனென்றால் இருக்கையைக் கழற்றினால் ஆர்டிஓவில் பதில் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் வண்டியில் ஒரு வெல்டிங் கிடையாது, ஒரு துளை கிடையாது. மரைன் பிளைவுட்டில் மடக்குக் கட்டில், அதன் கீழே இழுப்பறை அடுப்பு, பக்கத்தில் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ். பெல்ட் போட்டு இறுக்கினால் கேம்பர், அவிழ்த்து வீட்டில் வைத்தால் மறுபடி கார். எல்லாம் நானும் மஞ்சக்குப்பத்துத் தச்சர் ஒருவரும் செய்தது. கால் நீட்டிப் படுக்க நான் கொஞ்சம் கோணலாகப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டம்மாவுக்குக் கழிப்பறை போனதுதான் ஆறாத வருத்தம். "வீட்டை வித்து மெத்தையை வாங்கின கதையா இருக்குங்க" என்றார். பெட்ரோல் பங்க், ரயில் நிலையம், தெரிந்த விடுதி என்று ராத்திரித் தங்கலை இப்போது கழிப்பறை பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். அவர் சொன்னதில் தப்பு இல்லை. உயரம் 1755 மில்லிமீட்டர்தான். வேட்டி மாற்றக்கூட வெளியே வர வேண்டும். அதற்கு ஈடாக, இவ்வளவு குறைந்த உயரத்தில் எந்தக் கோயில் நிறுத்தத்திலும் நுழையலாம். நீளம் 5115 மில்லிமீட்டர், எங்கள் தெருவில் திருப்புவது தனி வித்தை.

ஓட்டுவதற்கு வருவோம். மரப்பாலத்தில் பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தால் போதும், வண்டி தானே ஊர்கிறது. இடது கால் சும்மா இருக்கிறது. அது சும்மா இருப்பதற்குத்தான் இத்தனை செலவும். விருத்தாசலம், சின்னசேலம் வழியாகச் சேலம் போகும்போது எந்த கியரில் ஓடுகிறது என்றே தெரியாது, அப்படி வழுக்கிக்கொண்டு போகும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது ஒரு பொருட்டே இல்லை. பஸ் பின்னால் நின்று கிளம்பினாலும் பின்னால் சறுக்குவதில்லை.

இறங்கும்போது கவனம் வேண்டும். லீவரை டி (டிரைவ்) நிலையிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களைத்தான் மலையடிவாரத்தில் சக்கரத்தில் புகையோடு பார்க்கிறோம். லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் கியரை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஏறும்போது என்ன கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதைப் போட்டு இன்ஜினையே பிரேக்காக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை மறந்துவிடலாம் என்பது சமவெளிக்கு மட்டும் பொருந்தும். கொல்லிமலைக்கு 70 வளைவுகள், அங்கே மறந்தால் பிரேக் மறக்காது.

மணலில் இறக்காதீர்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டி, பின்னால் கட்டிலும் தண்ணீர்க் கேனும் ஏற்றியிருக்கிறோம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

அப்புறம் பேட்டரி. இதை யாரும் சொல்வதில்லை. மேனுவல் வேனில் பேட்டரி இறங்கிவிட்டால் நாலு பேர் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பிவிடலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிக் கிளப்ப முடியாது. இன்ஜின் ஓடாமல் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தம் வராது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓடுகிற வண்டிக்கு இது பெரிய விஷயம். அதனால் வண்டியின் பேட்டரியில் எதையும் கொடுக்காமல், தனியாக 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, வண்டி ஓடும்போது அதை சார்ஜ் செய்ய நடுவில் டிசி-டிசி சார்ஜர் வைத்திருக்கிறேன். ஏசிக்காக இன்ஜினை ராத்திரி முழுக்க ஐடிலில் ஓட விடுகிற பழக்கமும் வேண்டாம். பிஎஸ்-6 டீசலில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், முன்சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. பிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் கியர் ஆயில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரர்கள் உண்டு. மலையும் சுமையும் பார்த்த வண்டிக்கு அது ஒத்துவராது; எண்ணெய் சூடாகிச் சூடாகித்தான் கெடுகிறது. நான் வாங்கிய கையோடு மாற்றினேன், வந்த எண்ணெய் கறுத்திருந்தது, ஆனால் கருகிய வாசனை இல்லை, எண்ணெய் வடித்த தட்டில் இரும்புத் தூளும் இல்லை. இந்தப் பெட்டிகளில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடைப்பைத் திறந்து, வழிவதை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும், எண்ணெய்ச் சூட்டை எப்படிப் பார்ப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஸ்கேனரை எடுத்துக் காட்டினால் வண்டியை விடலாம். "அதெல்லாம் கையாலே தெரியும் சார்" என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.