ஸ்டார்டியூ வேலி கூட்டுப் பண்ணை: காசைக் கருவியில் போடுவதா, நிலத்தில் போடுவதா?

பண்ணை நடத்தும் வீடியோ விளையாட்டான ஸ்டார்டியூ வேலியை நான்கு பேர் சேர்ந்து ஆடத் தொடங்கினால், முதல் வசந்தம் முடிவதற்குள் ஒரு வாக்குவாதம் கட்டாயம் வந்துவிடும். சேர்ந்திருக்கும் காசை ஆளுக்கொரு பூவாளி, பிக்காக்ஸ், பை என்று தனித்தனியாகத் தரம் உயர்த்திக்கொள்ளச் செலவிடுவதா, அல்லது எல்லாருக்கும் பொதுவான, தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், கொட்டகை, பசுமைக்குடில் ஆகியவற்றில் போடுவதா என்பதே அந்த வாக்குவாதம். எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்ட இந்த விளையாட்டில், பலர் சேர்ந்து ஆடும் வசதி 2018 ஆகஸ்டில் கணினிப் பதிப்புக்கு வந்தது. அப்போதிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே இருக்கிறது. நான் நிலத்தின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

எங்கள் பண்ணையில் நால்வர். தண்டையார்பேட்டையில் என் கணினியில்தான் பண்ணை இருக்கிறது. ராயபுரத்தில் இருக்கும் அத்தை மகன் கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கிறான். பெரம்பூரில் இருக்கும் தங்கை, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகுதான் வருவாள். வியாசர்பாடியிலிருந்து வரும் கல்லூரித் தம்பி, தேர்வுக் காலத்தில் ஆளே காணாமல் போய்விடுவான். நால்வரும் ஒரே இரவில் கூடுவது அபூர்வம் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

கருவியின் பக்கம் உள்ள நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. நல்ல பூவாளி ஒரே ஊற்றில் அதிகக் கட்டங்களை நனைக்கும், நல்ல பிக்காக்ஸ் பாறையைக் குறைந்த அடியில் உடைக்கும், பெரிய பையில் அதிகம் கொள்ளும். இவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. விலையை மட்டும் சற்று நின்று பார்ப்போம்.

கொல்லர் கிளின்ட் எந்தக் கருவியையும் செம்பாக்க 2,000 காசும், ஸ்டீலாக்க 5,000 காசும், தங்கமாக்க 10,000 காசும், இரிடியமாக்க 25,000 காசும் வாங்குகிறார். ஒவ்வொரு படிக்கும் அந்தந்த உலோகத்தில் ஐந்து கட்டிகள் தனியாகத் தர வேண்டும். பூவாளியைத் தங்கம் வரை கொண்டுபோகக் கூலி மட்டும் 17,000 காசு ஆகிறது. தாதுவையும் கரியையும் சுரங்கத்தில் எடுக்காமல் முதல் ஆண்டு விலைக்குக் கடையிலேயே வாங்கினால், அதாவது செம்புத் தாது 75, இரும்புத் தாது 150, தங்கத் தாது 400, கரி 150 என்று கணக்கிட்டால், ஒரு கட்டிக்கு ஐந்து தாதும் ஒரு கரியும் வீதம் கட்டிகளுக்கு மேலும் 17,875 காசு சேர்கிறது. ஆக ஒருவர் கையில் ஒரு தங்கப் பூவாளிக்கு 34,875 காசு. சுரங்கத்தில் தோண்டினால் காசுச் செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்க்ளருக்கும் அதே சுரங்கம்தான், அதே உழைப்புதான். ஒப்பீட்டுக்கு இரண்டையும் கடை விலையில் பார்ப்பதே நேர்மை.

குவாலிட்டி ஸ்பிரிங்க்ளர் ஒன்றுக்கு ஓர் இரும்புக் கட்டி, ஒரு தங்கக் கட்டி, உருக்கிய குவார்ட்ஸ் ஒன்று வேண்டும். குவார்ட்ஸ் கல் சுரங்கத்தில் தரையிலேயே கிடக்கும், அதை உருக்கும் கரிக்கு மட்டும்தான் செலவு. கூட்டிப் பார்த்தால் ஒன்று 3,200 காசு. ஒரு தங்கப் பூவாளிக்கான காசில் பத்து ஸ்பிரிங்க்ளர்களை நட்டுவிட்டு மீதியும் எடுக்கலாம். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைக் காலையில் தானாகவே நனைக்கும். ஆக எண்பது கட்டங்கள், தினமும், யாரும் ஒரு சொட்டுச் சக்தியைக்கூடச் செலவழிக்காமல் நனைகின்றன. அதைச் செய்யும் பக்குவம் விவசாயத் திறனின் ஆறாம் நிலையில்தான் திறக்கும் என்றாலும், நால்வரில் ஒருவர் அந்த நிலையைத் தொட்டால் போதும். அவர் செய்து கொடுப்பதை யார் வேண்டுமானாலும் நடலாம். கருவியில் இந்த வசதி இல்லை. என் பூவாளி தங்கமானதால் தங்கையின் தகரப் பூவாளி மாறிவிடாது. நால்வருக்கும் தங்கப் பூவாளி என்றால் அந்தத் தொகையை நான்கால் பெருக்க வேண்டும்.

காசைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். முடிவைத் தீர்மானிப்பது ஆள் வருகை. கருவி என்பது ஒரு கை பிடித்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும் பொருள். அத்தை மகனுக்கு இரவு ஷிஃப்ட் விழுந்த வாரத்தில் அவனுடைய தங்கப் பூவாளி பண்ணைக்கு ஒரு துளி நீரும் தரவில்லை. அதே வாரத்தில், அவன் முன்பே சுரங்கத்திலிருந்து கொண்டுவந்திருந்த தாதுவில் செய்த ஸ்பிரிங்க்ளர்கள் ஒரு நாளும் தவறவில்லை. விளையாட்டில் ஒரு நாள் என்பது நிஜத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். சேர்ந்து ஆடும்போது ஒருவர் மட்டும் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் கடிகாரம் நிற்காது. நீர் ஊற்ற இரண்டு பேர் மட்டும் இருக்கும் இரவில் நால்வருக்கென்று உழுத நிலத்தைப் பாருங்கள்: காலை ஆறு மணிக்குத் தொடங்கிக் கடைசி வரப்பை முடிக்கும்போது கிளின்ட் நான்கு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டிருப்பார், சக்திக் கோடும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். "தண்ணி ஊத்தறதுக்கே பொழுது போயிடுதுடா, அப்புறம் எங்க சுரங்கத்துக்குப் போறது?" என்று அத்தை மகன் கேட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீர் படாத பயிர் செத்துவிடாது, அன்றைக்கு வளராது, அவ்வளவுதான். ஆனால் 28 நாளில் முடியும் பருவத்தில், நீண்ட நாள் பயிருக்கு நான்கு நாள் தவறினால் அறுவடை அடுத்த பருவத்துக்குப் போய் வாடிவிடும்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தரம் உயர்த்தக் கொடுத்த கருவி இரண்டு நாள் கொல்லரிடம் இருக்கும். தனியாக ஆடுபவர் அடுத்த நாள் மழை என்று தொலைக்காட்சி சொல்லும்வரை காத்திருந்து பூவாளியைக் கொடுப்பார். கூட்டுப் பண்ணையில் மற்றவரின் பூவாளி இருப்பதால் அந்தக் காத்திருப்பு குறைகிறது என்பது கருவிப் பக்கத்துக்கு ஒரு நல்ல புள்ளிதான். ஆனால் ஸ்பிரிங்க்ளர் நட்ட பிறகு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

தொழில் தேர்விலும் இதே சிக்கல் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. விவசாயத் திறனின் பத்தாம் நிலையில் ஆர்டிசன் என்ற தொழிலைத் தேர்ந்தெடுத்தவர் இருந்தால் பாலாடைக்கட்டி, ஒயின் போன்றவற்றுக்கு 40 சதவீதம் அதிக விலை கிடைக்கும். பொதுப் பணப்பையாக ஆடும்போது ஒருவர் ஆர்டிசனாக இருந்தாலே எல்லாரின் விற்பனைக்கும் அந்த விலை கிடைக்கிறது. ஆனால் அவர் அந்த நேரத்தில் பண்ணைக்குள் இருந்தாக வேண்டும். எங்களுக்கு ஆர்டிசன் தங்கைதான். அவள் வராத இரவுகளில் சீஸை விற்பனைப் பெட்டியில் போடாமல் பீப்பாய் அறையின் பெட்டகத்திலேயே குவித்து வைக்கிறோம். திறமையைக்கூட ஓர் ஆளிடம் மட்டும் வைத்தால் அந்த ஆளின் நேர அட்டவணைக்குப் பண்ணையே கட்டுப்பட வேண்டியிருக்கிறது. பெரம்பூரில் பிள்ளை எப்போது தூங்குகிறான் என்பதைப் பொறுத்து எங்கள் சீஸ் விலை ஏறி இறங்குகிறது என்று சொன்னால் வெளியாள் சிரிப்பார்.

இதனால் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கையில் இருந்தால் போதும், பலன் எல்லாருக்கும் வரும் என்கிற கருவிகள் உண்டு. பண்ணையில் கிடக்கும் பெரிய அடிமரத்தை வெட்டச் செம்புக் கோடாலியும், விழுந்து கிடக்கும் பெருமரத்தை வெட்ட ஸ்டீல் கோடாலியும் வேண்டும். அது ஒருவரிடம் இருந்தால் போதும். வெட்டிய கடினமரம் பொதுப் பெட்டிக்குத்தான் வரும். சுரங்கத்துக்கு இறங்குபவரின் பிக்காக்ஸும் அப்படித்தான். இரும்பு 40 ஆம் மாடிக்குக் கீழேயும், தங்கம் 80 ஆம் மாடிக்குக் கீழேயும் கிடைக்கிறது. ஒருவர் இறங்கித் திறந்த லிஃப்ட் மாடி எல்லாருக்கும் திறந்துவிடுகிறது. ஆகவே அத்தை மகனின் பிக்காக்ஸை முதலில் தங்கமாக்கியதை நிலத்தில் போட்ட காசாகவே நான் எண்ணுகிறேன்.

பை வேறு விஷயம். 24 அறைப் பைக்கு 2,000 காசு, 36 அறைப் பைக்கு 10,000 காசு. அதை வாங்கியவர்தான் அனுபவிக்க முடியும், கைமாற்ற வழியில்லை. முதல் பையை நால்வருக்கும் வாங்கிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டாவது பையை வாரம் முழுக்க வருபவருக்கு மட்டும் வாங்கினோம், அங்கேதான் மனத்தாங்கல் வந்தது. "அண்ணா, எனக்கு மட்டும் ஏன் சின்னப் பை?" என்று வியாசர்பாடித் தம்பி கேட்டான். கணக்குப்படி அவனுக்கு வாங்கியது வீண்தான், ஆனாலும் வாங்கினோம். தன் பெயரில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் மனிதன் திரும்ப வருவான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கருவிப் பக்கத்தின் உண்மையான வலு நீர் ஊற்றும் வேகத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

கொட்டகையிலும் நான் பார்ப்பது வருகையைத்தான். டீலக்ஸ் நிலை வரை உயர்த்த 6,000, 12,000, 25,000 என மொத்தம் 43,000 காசும், 1,350 மரமும், 650 கல்லும் ஆகும். நடுவில் உள்ள பெரிய கொட்டகையில் நின்றுவிட்டால் தீவனம் போட ஆள் வேண்டும்; டீலக்ஸில் சைலோ என்கிற தீவனக் கிடங்கிலிருந்து தீவனம் தானே வந்துவிடும். எனவே பாதியில் நிறுத்தாமல் ஒரே கொட்டகையை முழுமையாக உயர்த்துவது, இரண்டு கொட்டகைகளைப் பாதி பாதியாக வைத்திருப்பதைவிட எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது. மரம் வெட்டுவதை மட்டும் நால்வரும் கூடும் இரவுக்கு ஒதுக்குங்கள். பசுமைக்குடிலைப் பொறுத்தவரை, ஊர்ப் பொதுக்கூடத்தின் சரக்கறைப் பண்டில்களை, அதாவது அங்கே கேட்கும் பொருள் தொகுப்புகளை, நிரப்பினால் இலவசம், ஜோஜா என்கிற நிறுவனத்தின் வழியில் போனால் 35,000 காசு. பன்னிரண்டுக்குப் பத்து என்று 120 கட்டங்கள், பருவக் கவலை இல்லை. அங்கே மழையும் நனைக்காது என்பதால் ஸ்பிரிங்க்ளர் இல்லாத பசுமைக்குடில் இன்னொரு தினசரிச் சுமையாகிவிடும்.

1.4 பதிப்பு தந்த தனித்தனிப் பணப்பை முறையில் இந்த ஒப்பீடு மாறுமா என்றால், ஓரளவு மாறும். அவரவர் விற்றது அவரவருக்கு, விலை உயர்வும் அவரவர் தொழிலுக்கு மட்டும். ஆனால் கொட்டகையை யார் காசில் கட்டினாலும் எல்லாரும் பயன்படுத்துவார்கள். ஏலச்சீட்டில் முதல் மாதமே சீட்டை எடுத்தவர் அடுத்த தவணைக்கு முகம் காட்டாத கதையாக, பொதுச் செலவு வரும்போது கை நீட்டுபவர் குறைந்துவிடுகிறார். மேயர் வீட்டுப் பேரேட்டின் வழியே ஒருவருக்கொருவர் காசு அனுப்பலாம் என்றாலும், கேட்டு வாங்குவதே ஒரு வேலையாகிவிட்டது. இந்த முறையில் நாங்கள் ஆடியது கொஞ்ச காலம்தான், அதனால் என் சொல்லுக்கு இங்கே எடை குறைவு. 2024 இல் வந்த 1.6 பதிப்பில் கணினியில் எட்டுப் பேர் வரை ஆடலாம். அத்தனை பேரைச் சேர்த்து நாங்கள் ஆடியதில்லை.

பண்ணையை யார் கணினியில் வைப்பது என்பதையும் இந்தச் செலவுகளுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்த ஒருவர் திறக்காவிட்டால் மற்ற மூவரும் உள்ளே போக முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் மின்சாரம் போகும் இரவுகளில் எவ்வளவு ஸ்பிரிங்க்ளர் இருந்தும் பயனில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர் வைத்திருப்பதே நல்லது. கணவன் மனைவியோ, ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு நண்பர்களோ எப்போதும் சேர்ந்தே உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்றால் என் வாதத்தின் பாதி அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் முதல் ஆண்டில் ஸ்டீல் பூவாளி இரண்டை வாங்கிக்கொண்டு, இரும்பும் தங்கமும் சேரச் சேர மெதுவாக ஸ்பிரிங்க்ளருக்கு மாறலாம்.