62,000 எக்ஸ்பி டிராகன் இரண்டே சுற்றில் சாவது ஏன்? 2024 டன்ஜியன் மாஸ்டர்ஸ் கைடின் சண்டைக் கணக்கு: விமர்சனம்

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை ஆட்டத்தில், 11ஆம் லெவலைத் தாண்டிய குழுவுக்கு டிஎம் (டன்ஜியன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) ஆக உட்காருபவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். மாதக்கணக்கில் வளர்த்த வில்லன் வருவான். இரண்டாவது சுற்று முடிவதற்குள் கதை முடிந்துவிடும். பெரும்பாலும் தப்பு டிஎம் மேல் இல்லை. இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், எதிரிகளைத் தேர்ந்தெடுக்க உதவும் 2014 சண்டைக் கணக்கே உயர்ந்த லெவல்களில் பிசகியது. 2024 நவம்பரில் வந்த புதிய கைடு அதைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறது. 384 பக்கங்களில் இங்கே பார்ப்பது அந்தச் சில பக்கங்களை மட்டுமே.

புதுக் கணக்கு எளிது. ஒவ்வொரு லெவலுக்கும், சண்டையின் கடினத்தைப் பொறுத்து, லோ, மாடரேட், ஹை என்று மூன்று எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) எண்கள். 5ஆம் லெவலுக்கு 500, 750, 1,100. 11ஆம் லெவலுக்கு 1,900, 2,900, 4,100. 20ஆம் லெவலுக்கு 6,400, 13,200, 22,000. வேண்டிய எண்ணை ஆட்டக்காரர் எண்ணிக்கையால் பெருக்கி, வரும் தொகைக்குள், எதிரியின் எக்ஸ்பியையே விலையாக வைத்து எதிரிகளை 'வாங்க' வேண்டும். எதிரிகள் கூடக் கூட 1.5, 2, 2.5 என்று ஏறிய பழைய பெருக்கல் இப்போது கிடையாது.

பழைய கணக்கின் மிகக் கடினமான அளவான டெட்லி எண்ணையும் புதிய ஹை எண்ணையும் பக்கத்தில் வைத்தால் மாற்றம் எங்கே நடந்திருக்கிறது என்று தெரியும். 5ஆம் லெவலில் இரண்டும் 1,100. 11இல் 3,600 என்பது 4,100 ஆகியிருக்கிறது. 17இல் 8,800 என்பது 11,700. 20இல் 12,700 என்பது ஒரேயடியாக 22,000. தாழ்ந்த லெவல்களை அதிகம் தொடாமல், வலி இருந்த இடத்தில் மருந்து போட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியின் மிகப் பெரிய பலம் இதுதான்.

ஆனால் எண் சரியாக இருந்தாலும் சண்டை சரியாக அமைந்துவிடாது. 20ஆம் லெவலில் நான்கு பேருக்கு ஹை தொகை 88,000. அதில் 75,000க்கு சிஆர் (எதிரியின் வலிமை எண்) 25 உள்ள எதிரி ஒன்றைத் தனியாக நிறுத்தினாலும் கணக்கு ஒத்துக்கொள்ளும். அப்படி நிறுத்தினால் என்ன ஆகும்? எதிரிக்குச் சுற்றுக்கு ஒரு முறை, கூடவே மற்றவர்களின் முறைக்குப் பின் செய்யும் சில லெஜண்டரி ஆக்‌ஷன்கள். குழுவுக்கோ நான்கு முறை. மந்திரக்காரர்கள் மாறி மாறி எறிந்தால் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தவறிய தடுப்பு வீச்சை வெற்றியாக மாற்றும் சக்தி) இரண்டு சுற்றுக்குள் கரைந்துவிடும். அதன்பிறகு ஒரே ஒரு சேவ் (தடுப்புப் பகடை வீச்சு) தவறினால் போதும், எதிரணியின் மொத்த ஆட்டமும் நின்றுவிடும். இந்த ஆபத்தைக் கைடு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அதே 88,000ஐ இப்படிச் செலவழித்துப் பாருங்கள். வயது முதிர்ந்த சிவப்பு டிராகன் ஒன்று 62,000. தீ அரக்கர்கள் ஐந்து பேர், ஆளுக்கு 5,000. மொத்தம் 87,000. தீ இவர்கள் யாரையும் தொடாது. அதனால் டிராகன் தன் ஆட்களையும் சேர்த்தே தீ மூச்சை ஊதலாம். வழியை அடைத்துக்கொண்டு அரக்கர்கள் நிற்கலாம். குழுவின் மீட்டியோர் ஸ்வார்ம் மந்திரம் விழுந்தாலும் அதன் 40 பகடையில் தீக்கான 20 வீணாகும். மூச்சின் சராசரி சேதம் 91. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 உள்ள 20ஆம் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) சராசரிக் கணக்கில் 122 எச்பி (உயிர்ப் புள்ளி) இருக்கும். ஒரு மூச்சைத் தாங்குவார், இரண்டாவது மூச்சுக்குப் பயப்படுவார். இந்தப் பயம்தான் மேசையில் வேண்டியது. பழைய கணக்கில் ஆறு எதிரிகளுக்கு இரண்டால் பெருக்கி இதை 1,74,000 என்று காட்டும்; டெட்லி வரம்போ 50,800. அந்த எண்ணைப் பார்த்த எந்த டிஎம்மும் இந்தச் சண்டையை வைத்திருக்க மாட்டார்.

ஐந்து அரக்கர்களையும் முதல் சுற்றிலேயே இறக்க வேண்டாம். மூவர் முதலில், இருவர் மூன்றாம் சுற்றில். இனிஷியேட்டிவையும் (யார் முறை எப்போது என்ற வரிசை) இரண்டு கூறாகப் பிரித்துப் போடுங்கள். இல்லையென்றால் அரக்கர்கள் எல்லோரும் அடுத்தடுத்து ஒரே ஆளை அடித்துச் சாய்த்துவிடுவார்கள்.

கைடில் இல்லாத, ஆனால் செய்தே ஆகவேண்டிய ஒரு சோதனை உண்டு. எதிரிகளின் எச்பியைக் கூட்டி, குழு ஒரு சுற்றில் சராசரியாகக் கொடுக்கும் சேதத்தால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன சண்டையில் டிராகனுக்கு 507, அரக்கர்களுக்கு ஆளுக்கு 162, மொத்தம் 1,317. குழு சுற்றுக்கு 250 அடிக்கிறது என்றால் ஐந்து சுற்றுக்குச் சற்று மேல். விடை மூன்றுக்குக் கீழே போனால் சண்டை சப்பென்று முடியும். ஏழைத் தாண்டினால் இழுவை.

பெரிய குறை ஒன்று. ஒரு நாளுக்கு 6 முதல் 8 சண்டை என்ற பழைய வழிகாட்டலும் அதற்கான தினசரி அட்டவணையும் நீக்கப்பட்டுவிட்டன. யாரும் அப்படி ஆடுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இடம் காலியாகவே கிடக்கிறது. 20ஆம் லெவல் விசார்டிடம் 22 ஸ்பெல் ஸ்லாட்டுகள் (மந்திரம் போடும் வாய்ப்புகள்) உண்டு. நாளுக்கு ஒரே சண்டை என்றால் பெரியவற்றையெல்லாம் நான்கைந்து சுற்றில் கொட்டித் தீர்ப்பார். அந்த அடிக்கு முன்னால் ஹை சண்டை கூட மாடரேட் போலத்தான் நடக்கும். முக்கியச் சண்டைக்கு முன் மாடரேட் அளவில் இரண்டு வையுங்கள், நடுவில் லாங் ரெஸ்டுக்கு (ஸ்லாட்டுகளைத் திருப்பித் தரும் நீண்ட ஓய்வு) எட்டு மணிநேரம் கிடைக்காதபடி கதையில் அவசரத்தைக் கொண்டுவாருங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் ஹை தொகைக்கு மேல் கால் பங்கு கூட்டி, அலை அலையாக இறக்கலாம்.

இன்னொரு கண்ணி: புதிய கணக்கைப் பழைய மான்ஸ்டர் மேனுவலோடு (எதிரிகளின் விவரங்கள் உள்ள புத்தகம்) சேர்க்காதீர்கள். 2014 லிச்சுக்கு (சாகாத மந்திரவாதி எதிரி) 135 எச்பி, ஏசி (தற்காப்பு எண்) 17. 2025 பிப்ரவரியில் வந்த புத்தகத்தில் அதே லிச்சுக்கு 315 எச்பி, ஏசி 20. இரண்டுக்கும் சிஆர் 21, எக்ஸ்பி 33,000. பழைய லிச்சை வைத்துவிட்டுப் புதிய அட்டவணையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வாங்கலாமா? சண்டைக் கணக்குக்காக மட்டும் என்றால் அமெரிக்க விலையில் 49.99 டாலர் கொடுக்கத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதி ஆவணத்தில் இதே அட்டவணை இருக்கிறது. மந்திரப் பொருட்களும் பாஸ்டியன் (ஆட்டக்காரர்களின் சொந்தத் தளம்) விதிகளும் வேண்டுமென்றால் கைடு விலைக்குத் தகும். ஒன்றுதான் வாங்க முடியும், குழுவோ 11ஐத் தாண்டிவிட்டது என்றால் முதலில் 2025 மான்ஸ்டர் மேனுவலை வாங்குங்கள்.