கம்பியா, கழுத்துப்பட்டையா: இடம் மாற்றி மேய்த்தால் எடை ஏறுமா?

இறைச்சி மாடு வளர்ப்பவர்களிடம் இன்று இரண்டு கேள்விகளை ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். பருவம் முழுக்க ஒரே இடத்தில் மேயவிடுவதா, துண்டு துண்டாக மாற்றி மேய்ப்பதா என்பது ஒன்று. மாற்றுவதென்றால் கம்பி வேலி கட்டியா, மாட்டின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டியா என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குக் காசு இறக்கக் கூடாது என்பது என் கட்சி.

கொலராடோவின் வறண்ட புல்வெளியில் அமெரிக்க வேளாண் துறை 2014-இல் ஒரு சோதனை தொடங்கியது. தலா 130 ஹெக்டேர் அளவில் பத்து மேய்ச்சல் நிலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மந்தை, பருவம் முடியும்வரை அங்கேயே. எதிரே அதேபோல் இன்னொரு பத்து. அங்கே மொத்த மாடுகளும் ஒரே மந்தையாக நிலம் மாறி நிலம் போயின. எப்போது மாற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் பண்ணைக்காரர்கள், சூழல் ஆர்வலர்கள், அதிகாரிகள் என 11 பேர். முதல் ஐந்தாண்டில் இடம் மாறிய மாடுகள் 12 முதல் 16 சதவீதம் குறைவாகவே எடை போட்டன. நெரிசலில் இளம்புல்லைப் பொறுக்கித் தின்ன முடியாது. முற்றிய தாளையும் சேர்த்துத்தான் கடிக்க வேண்டும். புல்லாவது தேறியதா? எதிர்பார்த்தபடி இல்லை.

நியூசிலாந்தின் ஈரப் புல்வெளிகளில் கதை வேறு. மேய்ந்த இடம் சில வாரங்களில் துளிர்த்துவிடும், மாற்றினால்தான் லாபம். அதற்கு மின்கம்பியே பழைய துணை. (நம்மூர்க் கள்ள மின்வேலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிக்கும். சுள்ளென்று அடிக்கும், கொல்லாது.) செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் போய்க் குச்சிகளைப் பிடுங்கி நட வேண்டும்.

நார்வேயின் நோஃபென்ஸ் நிறுவனம் விற்கும் கழுத்துப்பட்டை அந்த நடையை மிச்சப்படுத்துகிறது. கைப்பேசியில் கோடு வரைந்தால் போதும். மாடு கோட்டைத் தொட்டதும் கழுத்தில் ஓசை எழும், முன்னே போகப் போகச் சுருதி ஏறும். திரும்பிவிட்டால் ஒன்றுமில்லை, மீறினால் சிறு ஷாக். பழகிய மாடு ஓசையிலேயே தலையைத் திருப்பிக்கொள்ளும். கைப்பேசி சிக்னல் இல்லாத மலையில் பழைய கோடு நிற்கும், ஆனால் புதுக் கோடு பட்டைக்குப் போய்ச் சேராது. பால்குடிக் கன்றுகளுக்கு வழக்கமாக மாட்டுவதுமில்லை. அவை கோடு தாண்டித் திரியும், தாய் இந்தப் பக்கம் நின்று கத்தும். சாலையோரத்துக்கு எப்போதும் கம்பிதான்.

வறண்ட நிலத்துக்காரர் பட்டை வாங்கலாம்: ஓடைக்கரையையும் தீப்பிடித்த திட்டுகளையும் மாடு மிதிக்காமல் காக்க. எடைக்காக வேண்டாம்.